ஒப்பனைத் தமிழா? உழைக்கும் தமிழா?

(மங்கலம்பேட்டையில், நிரல் எழுதக் கற்றுவரும் இளைஞர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணித்திரையில் அது பிடித்துக்கொள்ளும் இடம் இரண்டு விரல்நகங்களின் அகலந்தான் இருக்கும். 'இதைப் பேசவா இத்துணைத் தொலைவு வந்தீர்?' என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. ஆயினும், தமிழுக்கு இக்கால் நேர்ந்துவருகின்ற ஒரு பெருந்தீங்கு அந்த விரல்நக அகலத்திற்குள் முழுமையாய் அடங்கிக் கிடக்கின்றது. அதை எடுத்துக் காட்டிவிட்டு, நீக்கும் வழியையும் சொல்லிவிட்டுப் போகவே வந்திருக்கின்றேன்.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களை ஊரறிய வைக்கும் பொதுமனைகள் இணையத்தில் உள்ளன. 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'கிட்டப்பு' அவற்றுள் பெரியது. அங்கு வைக்கப்பெறும் ஒவ்வொரு திட்டத்திற்கும் வாயில்போல் ஒரு கோப்பு உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'ரீட்மீ' என்று பெயர்; 'என்னைப் படி' என்பது அதன் பொருள். அக்கோப்பின் தலைப்பில், திட்டத்தின் பெயருக்குக் கீழே, வரிசையாகச் சில சிறு கட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் இரு பாதியாய் இருக்கும். இடப்பாதி சாம்பல் நிறம். எதைப் பற்றிய செய்தி என்பதை அது சொல்லும். வலப்பாதி பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். எந்நிலையில் உள்ளது என்பதை அது சொல்லும். நிரல் ஆய்வில் தேறியதா, எத்தனையாவது பதிப்பு, எந்த உரிமத்தின்படி வழங்கப்பெறுகின்றது என்பனவற்றை உள்ளே நுழையுமுன்னரே கண்ணுக்குக் காட்டுவது அவற்றின் பணி. ஆங்கிலத்தில் இவற்றைப் 'பேட்சு' என்கின்றனர்.

முதலில் இதற்கு ஒரு பெயர் வேண்டும். 'பதக்கம்' என்று சிலர் எழுதுகின்றனர். பதக்கம் வென்றவனுக்கு உரியது. தேறாத நிரலின்மேல் சிவப்பாய்த் தொங்கும் கட்டத்திற்குப் பதக்கம் என்று பெயரிட்டால் நகைப்பே மிஞ்சும். 'சின்னம்' என்று வேறு சிலர் எழுதுகின்றனர், அச்சொல் நம்முடையதன்று. 'முத்திரை'யும் அத்தகையதே. இவ்வாறு நாம் தேடிக்கொண்டிருக்க, சொல்லோ நம் பாட்டன்மார் வாயில் வழங்கிக்கொண்டிருந்தது. அலுவலகங்களில் ஏவலர் மார்பில் குறுக்குப் பட்டையிட்டு, அதில் பித்தளைத் தகடொன்றைப் பொருத்தியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அத்தகட்டிற்கு 'வில்லை' என்று பெயர். வில்லையைப் பார்த்தால் அவர் எந்த அலுவலகத்தைச் சார்ந்தவர், என்ன பணியினர் என்பது விளங்கிவிடும். இங்கும் நிகழ்வது அதுவே. ஆதலின் நிலையைக் காட்டும் இக்கட்டத்தை 'நிலைவில்லை' என்போம். சுருக்கமாக 'வில்லை' என்போம்.

நம் மரபில் இதனினும் பழைய சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏறும் பண்டத்திற்கும் இறங்கும் பண்டத்திற்கும் உல்கு கொள்ளும் அலுவலர்கள், அளந்தறிந்த பின்னரே சோழனின் புலிப்பொறியை அவற்றின்மேல் இட்டனர் என்னும் செய்தியைப் பட்டினப்பாலை சொல்கின்றது. அப்புலி அழகுக்காக இடப்பட்டதன்று. 'இப்பொதி ஆராயப்பட்டது; உல்கு தீர்ந்தது' என்பதற்கு அதுவே உறுதி. ஆராயாத பொதியின்மேல் எவனேனும் புலியை வரைந்திருப்பானாயின் அவனைச் சோழன் அலுவலர் என்ன செய்திருப்பர் என்பதை உங்கள் எண்ணத்திற்கே விட்டுவிடுகின்றேன்.

நான் சொல்ல வந்த செய்தி இந்த இடத்தில்தான் தொடங்குகின்றது. இன்று தமிழ்த் திட்டங்களின் வாயிலில் தொங்கும் வில்லைகளைப் பாருங்கள். ஆராய்ந்து உண்மை சொல்லும் வில்லை ஆங்கிலத்தில் இருக்கும். 'பில்டு – பாசிங்கு' என்று அது பச்சையாய் ஒளிரும். கிட்டப்பின் தானியங்கி ஆய்வுப்பணி தானே வரைந்து தரும் வில்லையில் 'பாசிங்கு', 'பெயிலிங்கு' என்னும் ஆங்கிலச் சொற்களே வரும். தமிழில் கேட்டால் தராது. அதன் பக்கத்தில் தமிழில் ஒரு வில்லை இருக்குமாயின், அது பெரும்பாலும் 'தமிழ் வாழ்க' என்றோ 'தமிழில் ஆக்கியது' என்றோ இருக்கும். அஃதாவது, உண்மை சொல்லும் வேலை ஆங்கிலத்திற்கு. பூவைத்துப் பொட்டிட்டு நிற்கும் வேலை தமிழுக்கு!

இது வில்லையில் மட்டும் நேர்ந்ததன்று. 1956-ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பின்னரும் அலுவலக வாயிலில் தமிழ்ப்பலகையும் உள்ளே ஆங்கிலக் கோப்புமாய் எத்தனை ஆண்டுகள் கழிந்தன! 2006-ஆம் ஆண்டில், தமிழ்ப் பெயரிட்ட திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. பெயர்கள் தமிழாயின. படத்தினுள் பேசுவோர் தமிழும் தமிழாயிற்றா என்பதைப் பார்த்தவர்களே சொல்லட்டும். பெயர்ப்பலகையில் மட்டும் வாழும் மொழி, பலகை கழலும் நாளில் தானும் கழன்றுவிடும்.

தோழர்களே! நீங்கள் இவ்வூரிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கும், விருத்தாசலம் என்று பெயர் மாற்றப்பட்டுக் கிடக்கும் திருமுதுகுன்றத்திற்கும் நாள்தோறும் பேருந்தில் செல்பவர்கள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர்ப் பலகை இருக்கின்றது. போகும்போது ஒரு பெயர். திரும்பும்போது மற்றொரு பெயர். நடத்துநர் பலகையைத் திருப்ப மறந்துவிட்டால் என்ன ஆகும்? தூய தமிழில், அழகான எழுத்தில், 'திருமுதுகுன்றம்' என்றே எழுதியிருக்கட்டும். பேருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகுமாயின், அத்தூய தமிழை நம்பி ஏறிய மூதாட்டி நடுவழியில் இறங்கி நிற்பாள். அடுத்த முறை அவள் தமிழ்ப்பலகையைப் பார்க்கமாட்டாள். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாள்.

வில்லைகளிலும் இருவகை உண்டு. ஒன்று தீட்டிய வில்லை. மற்றொன்று இயங்கும் வில்லை. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

2013-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் 'சீல்ட்சு' என்றொரு பொதுப்பணி உள்ளது. கேடயம் எனப் பலரும் சொல்லும் கிடுகுதான் அப்பெயரின் பொருள். இணைய முகவரியிலேயே இடப்பாதிச் சொல், வலப்பாதிச் சொல், நிறம் ஆகிய மூன்றையும் இணைப்புக்கோடிட்டு எழுதினால், அது உடனே வில்லையை வரைந்து அனுப்பும். சொற்களுக்கிடையே இடைவெளி வேண்டுமாயின் அடிக்கோடு இடவேண்டும். இணைப்புக்கோடே வேண்டுமாயின் அதை இருமுறை இடவேண்டும். அவ்வளவே. தமிழிலும் எழுதலாம். 'ஆய்வு' என்று இடப்பக்கமும், 'தேறியது' என்று வலப்பக்கமும், பச்சை நிறமும் கொடுத்தால், தமிழ் வில்லை வந்துவிடும். பார்க்க நெஞ்சு குளிரும். ஆனால் அது தீட்டிய வில்லை. நிரல் நாளை உடைந்தாலும் அது பச்சையாகவே இருக்கும். நாளை மறுநாளும் 'தேறியது' என்றே சொல்லும். ஆராயாத பொதியின்மேல் வரைந்த புலி அது.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். ஒருங்குறி பரவுமுன் தமிழைத் தட்டச்சிட எத்தனையோ குறிமுறைகள் இருந்தன. 'டிசுக்கி' ஒன்று, 'டாப்', 'டாம்' என்பன 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி வந்தவை, ஈழத்தமிழர் மிகுதியாய்க் கையாண்ட 'பாமினி' ஒன்று. இவற்றில் தட்டச்சிட்ட நூல்களும் இதழ்களும் மடல்களும் இன்றும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன. நம் இயக்கத்தாரின் எழுத்துகளும் அவற்றுள் உண்டு. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் அடுத்த தலைமுறை படிக்கும். அவ்வாறு மாற்றும் நிரல்களைத் தமிழரே எழுதி, விலையின்றி வைத்துள்ளனர். 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரற்றொகுதியில் இத்தகைய மாற்றிகள் உள்ளன. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியை 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய முத்தையா அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த தோழர்களும் வளர்த்த தொகுதி அது.

இத்தகைய மாற்றியொன்றில் யாரோ ஒருவர் நேற்று ஒரு சிறு திருத்தம் செய்தார். அதனால் 'கௌ', 'சௌ' முதலிய ஔகார எழுத்துகள் பிழைபட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்கும் வில்லை தொங்கினால், அடுத்த ஆய்வு முடிந்ததும் அது சிவந்துவிடும். வருபவர் நின்றுவிடுவார். தீட்டிய வில்லை தொங்கினால்? தம் தந்தையாரின் ஐந்நூறு பக்கக் கையெழுத்துப்படியை மாற்ற வந்த ஒரு மகள், பச்சை வில்லையைத் தமிழில் பார்த்து நம்பி, முழுவதையும் மாற்றி முடித்துப் பழைய வட்டைத் தூக்கியும் எறிந்துவிடுவாள். பிழை ஓராண்டு கழித்தே கண்ணில் படும். அப்போது அவள் நிரலை மட்டுமா நோவாள்? 'தமிழில் செய்தால் இப்படித்தான்' என்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லுவாள். பொய் சொல்லும் தமிழ் வில்லையைவிட உண்மை சொல்லும் ஆங்கில வில்லையே மேல் என்று தமிழனே சொல்லும் நிலையை நாமே உண்டாக்கிவிடக் கூடாது.

அவ்வாறாயின் உண்மை சொல்லும் தமிழ் வில்லையை ஆக்க முடியாதா? முடியும். சற்று உழைக்கவேண்டும்; அவ்வளவே. இங்கே நிரலர் பலர் அமர்ந்திருப்பதால் வழியைச் சொல்கின்றேன்.

சீல்ட்சில் 'எண்டுபாயிண்டு' எனப்படும் ஒரு வகை உண்டு. 'முனை' என்று வைத்துக்கொள்வோம். இதில் வில்லையின் சொற்களை முகவரியில் எழுதுவதில்லை. நாம் இணையத்தில் வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பைக் காட்டிவிடுகின்றோம். அக்கோப்பு 'சேசான்' என்னும் அமைப்பில் நான்கு செய்திகளைத் தாங்கினால் போதும்: அமைப்பின் எண் 1, இடப்பாதிச் சொல், வலப்பாதிச் சொல், நிறம். வில்லை கேட்கப்படும்போது சீல்ட்சு அக்கோப்பைப் படித்து அதன்படி வரையும். இனி நாம் செய்யவேண்டியது ஒன்றே. நிரலில் யாரேனும் திருத்தம் செய்தவுடன் கிட்டப்பின் தானியங்கி ஆய்வு ஓடுகின்றதன்றோ? அவ்வாய்வின் இறுதிப்படியில், முடிவு எதுவோ அதற்கேற்ப அச்சிறு கோப்பை எழுதும்படி நான்கு வரி சேர்த்துவிடவேண்டும். தேறினால் 'தேறியது', பச்சை. தேறாவிடின் 'தேறவில்லை', சிவப்பு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆய்வு தவறிய இடத்திலேயே பணி நின்றுவிடுவது வழக்கமாதலின், 'தவறினாலும் இப்படியை ஓட்டுக' என்று அந்த இறுதிப்படிக்குத் தனியே ஆணையிட வேண்டும். இல்லையெனில் தேறிய நாளில் மட்டும் கோப்பு எழுதப்படும். தவறிய நாளில் பழைய பச்சையே நிற்கும். இயங்கும் வில்லை என்ற பெயரில் தீட்டிய வில்லையே கிடைக்கும்.

மற்றொன்று. கிட்டப்பு வெளிப்படங்களைத் தன்னிடம் சிறிது நேரம் தேக்கிவைத்துக் காட்டும் வழக்கமுடையது. ஆதலின் நிலை மாறியவுடன் வில்லை மாறவில்லையே என்று பதறவேண்டா. சில மணித்துளிகள் பொறுங்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் இன்பம் தந்த பகுதி இதுவே.

'பாசிங்கு' என்னும் ஆங்கிலச் சொல் நிகழ்கால எச்சத் தோற்றமுடையது. இப்போது தேறிக்கொண்டே இருக்கின்றது என்பதுபோல் ஒலிக்கும். உண்மை அதுவா? இறுதியாக ஓடிய ஆய்வில் தேறியது என்பதே உண்மை. நேற்றைய ஆய்வின் முடிவை நிகழ்காலத்தில் சொல்வது ஒருவகைக் கூடுதலுரை. தமிழில் வினைமுற்றுக்குக் காலம் உண்டு, மழுப்ப முடியாது. 'தேறுகின்றது' என்றெழுதினால் பொய் வெளிப்பட்டுவிடும். 'தேறியது' என்றெழுதினால் நடந்ததை நடந்தபடி சொல்லுகின்றோம். மொழிபெயர்த்தால் பொருள் குறையும் என்று அஞ்சுவோரே, இங்கே பொருள் கூடுவதைப் பாருங்கள்!

'பெயிலிங்கு' என்பதைச் சிலர் 'தோல்வி' என்கின்றனர். தோல்வி போட்டியில் வருவது. இங்கே எதிரி யார்? 'தவறியது' என்பது பொருந்தும். நான் 'தேறவில்லை' என்பதையே விரும்புகின்றேன். தேறியது, தேறவில்லை என்று ஒரே வேரில் இரண்டும் நிற்கும். கற்பவர் மனத்தில் எளிதில் பதியும். ஆய்வே ஓடாத நிலைக்குத் 'தெரியவில்லை' என்று சாம்பல் நிறத்தில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வில்லையைக் கண்டு யாரும் நாணவேண்டுவதில்லை.

'பில்டு' என்பதற்குக் 'கட்டுமானம்' என்று எழுதிய ஒரு பட்டியலைக் கண்டேன். செங்கல்லும் சுண்ணாம்பும் மணக்கின்றது! நிரற்பகுதிகளையெல்லாம் சேர்த்து ஓடும் வடிவில் ஆக்குதலே அச்சொல்லின் கருத்து. 'ஆக்கம்' போதும். 'ஆக்கம் – முடிந்தது', 'ஆக்கம் – நின்றது' என்று எழுதலாம். உரிமம், பதிப்பு, பதிவிறக்கம் ஆகிய மூன்றும் முன்பே வழக்கூன்றிவிட்டன, அவற்றைத் தொடவேண்டா. நிரலில் எவ்வளவு பகுதி ஆய்வுக்கு உட்பட்டது என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் வில்லைக்கு 'ஆய்வுப்பரப்பு' என்னலாம். இன்றும் யாரேனும் பார்த்துப் பேணுகின்றனரா என்பதைக் காட்ட ஒரு வில்லை வைக்கின்றனர். 'பேணல் – உண்டு', 'பேணல் – இல்லை'. பங்களிக்க வருவோரை அழைக்கும் வில்லையில் 'வருக' என்னும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொல் செலவழிக்கின்றனர்.

இச்சொற்களையெல்லாம் நான் முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது ஏளனம் செய்யப்பட்ட சொற்கள் எத்தனையோ இன்று ஊர் வழக்காகிவிட்டன. கணினி, மென்பொருள், இணையம், எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றை இன்று யாரும் 'செயற்கை' என்று சொல்வதில்லை. அச்சொற்கள் அகரமுதலியில் ஏறியதனால் மட்டும் வாழவில்லை. வேலைசெய்யும் இடத்தில் ஏறியதனால் வாழ்கின்றன. 'தேறியது' என்பதும் ஆயிரம் திட்டங்களின் வாயிலில் நாள்தோறும் நிறம் மாறிக்கொண்டிருந்தால் வாழும்.

அடுத்து, எழுத்தளவுச் சிக்கல். தமிழ் வில்லையை வரவழைத்துப் பார்த்தவர்கள், எழுத்துகள் இழுத்துக் கட்டியவைபோலவோ நெருக்கித் திணித்தவைபோலவோ இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் கரணியத்தை அறிந்துகொண்டால் சினம் சற்றுத் தணியும். சீல்ட்சு தரும் வில்லை 'எசு.வி.சி.' என்னும் கோட்டோவிய வடிவிலானது. எழுத்து எவ்வளவு அகலம் பிடிக்கும் என்பதை அது முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டத்தை வரைகின்றது. அக்கணக்கு 'வெர்டானா' என்னும் எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டது. வெர்டானாவிலோ தமிழெழுத்தே கிடையாது. மேலும் அது குறியீடு குறியீடாகக் கூட்டி அளக்கின்றது. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று: த, மி, ழ். ஒருங்குறிக்கோ குறியீடு ஐந்து. மகரத்தையும் இகரக் குறியையும் வேறாக எண்ணும், ழகரத்தையும் புள்ளியையும் வேறாக எண்ணும். இவ்வாறு கூட்டிய அகலத்திற்குள் எழுத்தை நிறுத்தும்படி வில்லைக்குள்ளேயே ஆணையும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆதலின் நம் கணினியில் உள்ள தமிழெழுத்துரு எதுவாயினும், அதை இழுத்தோ நெருக்கியோ அந்த அகலத்தில் நிறுத்திவிடுகின்றது.

முகவரியில் எழுதும்போதும் இத்தொல்லை உண்டு. ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 'யூ.டி.எப்.-8' முறையில் மூன்று எண்மி பிடிக்கும். ஒவ்வோர் எண்மியையும் முகவரியில் விழுக்காட்டுக் குறியிட்டு மூன்று வரியுருவாக எழுதவேண்டும். ஆக, மூன்றெழுத்துத் 'தமிழ்' ஐந்து குறியீடாகி, பதினைந்து எண்மியாகி, முகவரியில் 45 வரியுருவாய் நீண்டுவிடுகின்றது. ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சொல் மூன்றாகவே நிற்கின்றது. ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையைத் தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. உலக வழக்கில் ஒருங்குறியே நின்றுவிட்டது. அந்த வழக்காட்டை இன்று இந்த அவையில் மீண்டும் எடுக்க நான் விரும்பவில்லை. முனை வகை வில்லையில் சொற்கள் கோப்புக்குள் இருப்பதால் முகவரி நீளும் தொல்லை இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றேன்.

அகலச் சிக்கலுக்கு வழி இரண்டு. எளிய வழி: குறுஞ்சொற்களையே கையாளுங்கள், எழுத்தை விரித்துக் காட்டும் 'பார் தி பேட்சு' என்னும் பாணியை விடுத்துத் தட்டையான பாணியைக் கொள்ளுங்கள். அந்த விரிந்த பாணி ஆங்கில எழுத்தையெல்லாம் பேரெழுத்தாக்கிக் காட்டுவதற்கென அமைந்தது. தமிழில் பேரெழுத்தும் இல்லை, சிற்றெழுத்தும் இல்லை. அப்பாணியால் நமக்கு இடைவெளி மட்டுமே மிஞ்சும்.

உழைப்பு வேண்டும் வழி: வில்லையை நாமே வரைவது. சீல்ட்சின் நிரல் முழுவதும் பொதுவுடைமையாய் வைக்கப்பட்டுள்ளது. எடுத்து நம் வழங்கியில் நிறுத்தலாம், தமிழுக்கேற்பத் திருத்தலாம். அகலத்தைக் குறியீட்டுக் கணக்கில் அளவாமல், தமிழெழுத்துக் கணக்கில் அளக்கவேண்டும். சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தரும் பணியை முன்னே சொன்ன ஓப்பன் தமிழ் தொகுதியே செய்துதருகின்றது. கருவி நம் வீட்டிலேயே இருக்க, அயலார் அளவுகோலை நொந்துகொண்டிருக்கின்றோம்! எழுத்துருவிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பக்கத்தில் படமாக ஒட்டப்பட்ட கோட்டோவியம் வெளியிலிருந்து எழுத்துருவை வரவழைக்க முடியாது. பார்ப்பவரின் கணினியில் எது உள்ளதோ அதுவே தோன்றும்: விண்டோசில் இலதாவோ நிர்மலாவோ, ஆப்பிளில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்த இணைமதியோ தோன்றலாம். எல்லார்க்கும் ஒரே வடிவம் வேண்டுமாயின், எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி வரைந்துவிடுங்கள். தேறியது, தேறவில்லை, தெரியவில்லை என்னும் மூன்றையும் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, ஆய்வின் முடிவுக்கேற்ப ஒன்றை எடுத்து வைத்தாலும் போதும்.

கண்ணிலாதாரையும் நினையுங்கள். வில்லையை ஒட்டும்போது, படம் தோன்றாவிடின் படிக்கவேண்டிய மாற்றுரை ஒன்றை எழுதுகின்றோம். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அம்மாற்றுரையைத்தான் படிக்கும். அது கோப்பில் எழுதியது எழுதியபடி நிற்கும். வில்லை மாறினாலும் அது மாறாது. ஆதலின் அதில் 'ஆய்வு தேறியது' என்று எழுதிவிடாதீர்கள். 'ஆய்வு நிலை' என்று மட்டும் எழுதி, ஆய்வுப் பக்கத்திற்கு இணைப்புத் தாருங்கள். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாத கண்ணினரும் உளர். அவர்க்கு நிறம் பயன்படாது, சொல்லே பயன்படும். அச்சொல் அவர் தாய்மொழியில் இருக்கவேண்டாவா?

வில்லைகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். சிலர் வாயிலில் இருபது வில்லை தொங்குகின்றது. எந்த மொழியில் எழுதினோம், எந்தத் தொகுப்பியில் எழுதினோம், எத்தனை குவளைத் தேநீர் குடித்தோம் என்பது வரை! திரையரங்க வாயிலில் நடிகரின் அட்டையுருவத்திற்கு மாலை அடுக்குவதுபோல் அடுக்கி வைத்துள்ளனர். ஐந்துக்கு மேற்பட்டால் கண் எதையும் பார்க்காது. ஆய்வு, பதிப்பு, உரிமம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. மற்றவை உங்கள் விருப்பம்.

'தமிழில் போட்டால் அயலார் எப்படி அறிவர்?' என்று ஒரு வினா எழும், எப்போதும் எழும். சீனரும் சப்பானியரும் தம் மொழியில் 'என்னைப் படி' கோப்பு எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் வேறொரு கோப்பும் வைக்கின்றனர். நாமும் அவ்வாறு வைப்போம். முனைக் கோப்பு ஒன்றுக்கு இரண்டாக எழுதினால் ஆங்கில வில்லையும் அதே உண்மையைச் சொல்லும். தமிழ் மாற்றியை நாடி வருபவர் தமிழர். அவர் வரும் வாயிலில் தமிழ் முன்னும் ஆங்கிலம் பின்னுமாக நிற்கட்டும் என்கின்றேன். இதில் யார்க்கு என்ன இழப்பு?

பக்கத்து விழுப்புரத்தில் குனு-லினக்சுப் பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருள் கற்பித்து வருகின்றனர். கணியம் இதழ் 2012-ஆம் ஆண்டு முதல் இத்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதி வருகின்றது. ஆதலின் கற்றுத்தர ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. நீங்கள் எழுதும் முதல் நிரல் இரண்டு எண்ணைக் கூட்டுவதாகவே இருக்கட்டும். அதற்கு ஓர் ஆய்வு எழுதுங்கள். அவ்வாய்வின் முடிவைத் தமிழில் சொல்லும் வில்லை ஒன்றை வாயிலில் இயங்க விடுங்கள். முதல் நாள் அது சிவப்பாக வந்தாலும் கழற்றாதீர்கள்.

(உரை முடிந்தபின் மாணவர் ஒருவர், பதிப்பெண்ணையும் தமிழெண்களால் எழுதலாமா என்று வினவினார். அதற்குச் சொல்லப்பட்ட விடை வருமாறு:)

எழுத முடியும். ஒருங்குறியில் தமிழெண்கள் உள்ளன; தமிழ்ச் சுழி மட்டும் பிந்தி, 2005-ஆம் ஆண்டு 4.1-ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் பதிப்பெண் என்பது படிப்பதற்கு மட்டும் உரியதன்று. அதைப் பார்த்து எழுதித்தான் ஒருவர் நிரலை நிறுவுவார். நிறுவும் கருவி 1, 2, 3 என்பனவற்றையே எதிர்பார்க்கும். வில்லையில் ஓர் எண்ணும் நிறுவும் இடத்தில் ஓர் எண்ணுமாய் இருந்தால் அவர் தடுமாறுவார். தமிழெண்ணை ஏற்று நிறுவும் கருவி ஒன்றை நீங்களே எழுதுங்கள், தம்பி. அதற்குப் பின் வில்லையில் தமிழெண்ணை இடுவோம்.